72 வோல்ட் பேட்டரி வாங்கும் முன்: இ-ஸ்கூட்டர் பந்தயத்துக்கு எதை முதலில் சரிசெய்வது

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார். வயது 18. கையில் இருப்பது நின்று ஓட்டும் இ-ஸ்கூட்டர்: 52 வோல்ட், இரண்டு மோட்டார், 10 அங்குல டயர், மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் வேகம் போகும். இதுவரை நண்பர்களோடு எஸ்டேட் ரோட்டில் ஓட்டியிருக்கிறார். இனி முறையாகப் பந்தயத்தில் இறங்க ஆசை. 72 வோல்ட் பேட்டரிக்கு மாறலாமா, எங்கே ஓட்டுவது, 17 வயது தங்கையும் ஓட்டலாமா என்பதுதான் கேள்வி.

பேட்டரியை மாற்றாதீர்கள், தம்பி. அந்தப் பணத்தை டயர், பிரேக், முன்கழுத்து (கைப்பிடித் தண்டு வண்டியோடு சேரும் இடம்), தலைக்கவசம் இந்த நான்கிலும் போடுங்கள். இந்தப் பந்தயத்தில் நேரம் கூடுவதும் குறைவதும் வளைவில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மீட்டர் ஆரமுள்ள ஒரு யூ-வளைவு. தேய்ந்த சாதா டயரில், பிடிமான எண் (டயர் தரையைப் பற்றும் அளவு) 0.6 என்று வைத்தால், அதிகபட்சம் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சுற்றலாம். மென்மையான பந்தய டயரில் அது 0.8 ஆனால் 28 கி.மீ.யைத் தாண்டும். அந்த ஒரு வளைவிலேயே அரை வினாடி மிச்சம். பெரிய பேட்டரி போட்டு, நேர்பாதையின் கடைசி 40 மீட்டரை 60க்குப் பதிலாக 70 கி.மீ. வேகத்தில் கடந்தால் மிச்சமாவது ஏறக்குறைய 0.35 வினாடி. அதோடு, 70இல் வந்த வண்டியை வளைவுக்கு முன் வேகம் இறக்கியும் ஆக வேண்டும்.

உலக அளவில் இதைத் தனிப் பந்தயமாக நடத்திக் காட்டியது ஈ-ஸ்கூட்டர் சாம்பியன்ஷிப். 2022 மே மாதம் லண்டன் பிரிண்ட்வொர்க்ஸ் வளாகத்தில் முதல் சுற்று நடந்தது. எல்லாருக்கும் ஒரே வண்டி: எஸ்1-எக்ஸ் என்ற கார்பன் ஃபைபர் ஸ்கூட்டர், இரண்டு மோட்டார், 100 கி.மீ. வரை வேகம். எல்லாருக்கும் சக்தி ஒன்றுதான் என்பதால் பிரேக்கும் வளைவும்தான் முன்னே நிற்பவரையும் பின்னே நிற்பவரையும் பிரித்தன. ஓட்டியவர்களில் மோட்டார் பந்தயக்காரர்கள் மட்டுமில்லை. பனித்தளத்தில் வேகமாகச் சறுக்கும் ஷார்ட் டிராக் வீராங்கனை எலிஸ் கிறிஸ்டி போல வேறு விளையாட்டிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். உடலைச் சாய்த்துச் சமநிலை பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது சீக்கிரம் கைவரும்.

எங்கே ஓட்டுவது என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பொது ரோடு கிடையாது. 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு அறிவித்த விதிப்படி இ-ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்கள் பொதுச் சாலையில் ஓடவே கூடாது; பந்தயம் அதைவிடப் பெரிய குற்றம். தோட்டத்து ரோடு தனியார் நிலம்தானே என்ற வாதமும் நிற்காது. பொதுமக்கள் போய்வரும் பாதையைச் சட்டம் ரோடு என்றுதான் பார்க்கும். சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும் அந்த ரோடு இந்த வண்டிக்கு ஆகாது. செம்மண் கல், மழை அறுத்த பள்ளம், லாரியிலிருந்து சிந்திய உதிரிப் பழம் எல்லாம் அதில் கிடக்கும். மிதிபட்ட செம்பனைப் பழம் எண்ணெய் விட்டுக் கிடக்கும் இடத்தில் 10 அங்குலச் சக்கரம் ஏறினால் திருத்த நேரமே கிடைக்காது. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் சைக்கிள் ஓட்டிய எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்ததை நம் வீடுகளில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அதனால் சிறு பந்தயக் கார்கள் ஓடும் கார்ட் தளம்தான் சரியான இடம். செப்பாங்கில் இருக்கிறது, ஆனால் உங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேராக்கிலேயே வாடகைக்கு விடும் கார்ட் தளம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். பயிற்சிக்கு மட்டும் என்றால், வேலி போட்ட, கேட் பூட்டக்கூடிய, தார் அல்லது சிமெண்ட் போட்ட காலி இடம் போதும். உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

இனி வண்டி. கழுத்திலிருந்து தொடங்குங்கள்.

மடிக்கும் ஸ்கூட்டரில் கைப்பிடித் தண்டு மடியும் மூட்டுதான் பலவீனமான இடம். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு தண்டை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலை மூட்டின் இடுக்கிலும் பிறகு தண்டு திரும்பும் ஹெட்செட் பேரிங்கின் இடுக்கிலும் வையுங்கள். ஆட்டம் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலிலேயே தெரியும். மூட்டில் ஆடினால் மடிப்பைப் பூட்டும் லாட்சின் சரிசெய்யும் திருகை இறுக்க வேண்டும், அல்லது தேய்ந்த பின்னை மாற்ற வேண்டும். பேரிங்கில் ஆடினால் மேல் நட்டை இறுக்க வேண்டும். ஆனால் கைப்பிடி தன் எடையிலேயே இருபக்கமும் சாயும் அளவுக்கு மட்டும். அதிகம் இறுக்கினால் பேரிங்கில் குழி விழும், அப்புறம் கைப்பிடி நடுவில் வந்து ‘கடக்’ என்று மாட்டிக்கொள்ளும். தளத்தில் மட்டும் ஓடும் வண்டி என்றால் மூட்டில் கூடுதல் கிளாம்ப் போட்டு மடியவே முடியாதபடி பூட்டிவிடுவது நல்லது. கழுத்து வெல்டிங்கைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். முடி அளவு கோடு தெரிந்தாலும் அந்த வண்டியை அன்றைக்கு ஓட்டக்கூடாது. அலுமினியத்துக்கு மேல் சாதா வெல்டிங் பூசி மறைப்பது உயிரோடு விளையாடுவது.

50 கி.மீ.க்கு மேல் கைப்பிடி தானாகவே இடவலமாகத் துடிக்கிறது என்றால் முக்கால்வாசிக் காரணம் இங்கேதான்: பேரிங் ஆட்டம், முன் டயரில் காற்றுக் குறைவு, அல்லது ஓட்டுபவர் கைப்பிடியை இறுகப் பிடித்திருப்பது. துடிப்பை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் போட்டால் குறையும், ஆனால் ஆட்டத்தைச் சரிசெய்யாமல் டேம்பர் போட்டால் நோய் மறைந்திருக்கும், போயிருக்காது. ஓடும்போது துடிப்பு வந்தால் முழங்காலை மடித்து எடையை முன்னே கொண்டுவாருங்கள், திராட்டலை (வேகம் கூட்டும் பிடியை) மெதுவாக விடுங்கள், பின் பிரேக்கை மட்டும் இலேசாகத் தொடுங்கள். பயந்து முன் பிரேக்கைப் பிடித்தால் அங்கேயே விழுவீர்கள்.

டயரில்தான் பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். வாங்கியபோது வந்த டயர் பெரும்பாலும் கடினமான ரப்பர். நாள்பட உழைக்கும், வளைவில் வழுக்கும். பி.எம்.டி. போன்ற இத்தாலிய நிறுவனங்கள் சிறு சக்கரத்துக்கென்றே மென்மையான டயர் செய்கின்றன. பின்னால் பழைய டயரே இருந்தாலும் பரவாயில்லை, முன்னால் நல்லது போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் காலால் உணர்ந்து திருத்தலாம்; முன் சக்கரம் வழுக்கினால் தரைதான். காற்றழுத்தத்தைக் காலையில், நிழலில், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். 70 கிலோ ஆளுக்குத் தளத்தில் 30 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கலாம். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எல்லைக்குள் இருக்கவேண்டும். டயர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் அந்த 30, 34க்கு மேல் போய்விடும். மதிய வெயிலில் சூடான டயரில் 30 வைத்துவிட்டு, மழைக்குப் பிறகு குளிர்ந்த தளத்தில் இறங்கினால் அழுத்தம் குறைந்து ரிம் தரையில் இடிக்கும், உள் டியூப் கடிபடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் டயரின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். வெளி ஓரம் வரை ரப்பர் உரசியிருந்தால் அழுத்தம் குறைவு, டயர் மடிகிறது. நடுவில் ஒரு பட்டை மட்டும் பளபளத்தால் காற்று அதிகம், அல்லது நீங்கள் இன்னும் சாய்க்கவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான 10 அங்குல ஸ்கூட்டரில் ரிம் இரண்டு பாதியாக இருக்கும், நடுவில் போல்ட்டுகள் சேர்த்திருக்கும். காற்றை முழுவதும் இறக்கி, வால்வு ஊசியையும் கழற்றிய பிறகுதான் அந்தப் போல்ட்டைத் தொட வேண்டும். காற்றோடு கழற்றினால் கடைசிப் போல்ட்டில் ரிம் வெடித்துப் பறக்கும். திரும்பப் பூட்டும்போது டியூப் இரண்டு பாதிக்கும் நடுவில் மாட்டாமல் இருக்க, முதலில் கொஞ்சம் காற்று விட்டு டியூபை உருண்டையாக்கி வையுங்கள். போல்ட்டை எதிரெதிராக இறுக்குங்கள், நீல நிறத் திருகுப் பசை ஒரு சொட்டு போதும்.

பிரேக்குக்கு வருவோம். கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக்கை ஹைட்ராலிக்காக மாற்றுவது நல்ல செலவு. ஒரு விரலில் அளவாகப் பிடிக்கலாம், கேபிள் நீள்வதும் இல்லை. புது பேட் (டிஸ்கை அழுத்தும் பிரேக் கட்டை) போட்டால் 30 கி.மீ.யிலிருந்து நடைவேகம் வரைக்கும் 20 தடவை நிதானமாகப் பிடித்துப் பழக்குங்கள். சக்கரம் முழுவதும் நிற்க விடாதீர்கள். அதைச் செய்யாமல் நேரே தளத்தில் இறங்கினால் பேட் கண்ணாடிபோல் பளபளத்துப் பிடிக்காமல் போகும். டிஸ்கில் சங்கிலி எண்ணெய், டபிள்யூ.டி.-40 எதுவும் படக்கூடாது. பட்டுவிட்டால் டிஸ்கை ஆல்கஹாலில் துடைத்து, பேட்டைத் தூக்கிப் போடுங்கள்.

ஆனால் பிரேக்கின் வேலையில் பாதி உங்கள் முழங்காலில் இருக்கிறது. நேராக நின்று முன் பிரேக்கைப் பிடித்தால் எடை மையம் உயரத்தில் இருப்பதால், தரை பிடிமானம் தீருமுன்பே பின் சக்கரம் தூக்கிக்கொள்ளும். நிமிர்ந்து நிற்பவர் பத்திரமாகப் பெறக்கூடிய தடுப்பு புவியீர்ப்பில் பாதி அளவுதான். 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 28 மீட்டர் ஆகும். பின்காலை பலகையின் கடைசி விளிம்பில் ஊன்றி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, நெஞ்சு கைப்பிடி உயரத்துக்கு வரும்வரை குனிந்தால் அதே வண்டி 20 மீட்டரில் நிற்கும். எட்டு மீட்டர் என்பது ஏறக்குறைய ஆறு ஸ்கூட்டர் நீளம். முன்னால் போகிறவரை உள்பக்கமாக முந்துவதற்கு அது தாராளம். குனிவதில் இன்னொரு லாபமும் உண்டு: 60 கி.மீ.யில் நிமிர்ந்து நிற்பவருக்கும் குனிந்தவருக்கும் காற்றுத் தடையில் ஏறக்குறைய 500 வாட் வித்தியாசம். செலவே இல்லாத சக்தி அது.

மோட்டார் பிரேக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பேட்டரி நூறு சதவீதம் நிறைந்திருந்தால் அதற்குப் போக இடமில்லை. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு இணைப்பைத் துண்டிக்கும், மோட்டார் பிரேக் திடீரென்று மறையும், சில வண்டிகளில் மின்சாரமே போய்விடும். முதல் சுற்றின் முதல் வளைவிலேயே இது நடப்பதற்குக் காரணம் இதுதான். 90 சதவீதத்தோடு இறங்குங்கள், அல்லது மோட்டார் பிரேக்கை அமைப்பில் பூச்சியமாக்கிவிடுங்கள்.

இப்போது 72 வோல்ட் ஏன் வேண்டாம் என்று சொல்கிறேன். உங்கள் 52 வோல்ட் பேட்டரியில் 14 செல்கள் வரிசையாக இருக்கின்றன, நிறைந்தால் 58.8 வோல்ட். 72 வோல்ட்டில் 20 செல், நிறைந்தால் 84 வோல்ட். மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் 52 வோல்ட் கண்ட்ரோலரில் பெரும்பாலும் 63 வோல்ட் தாங்கும் கப்பாசிட்டர்கள்தான் இருக்கும். இணைத்த மாத்திரத்தில் வெடிக்கலாம், அல்லது மூன்றாவது சுற்றில் வெடிக்கலாம். அதனால் கண்ட்ரோலரையும் மாற்ற வேண்டும். மாற்றினால் அதே மோட்டாரில் வேகமும் சூடும் கூடும். மலிவான நியோடைமியம் காந்தங்கள் 80 டிகிரியைத் தாண்டினால் பலம் குறையத் தொடங்கும், குறைந்த பலம் திரும்ப வராது. இங்கே நிழலிலேயே 32, 33 டிகிரி. ஐரோப்பாக்காரன் வீடியோவில் தாங்கிய மோட்டார் பேராக் வெயிலில் தாங்கும் என்று நம்ப வேண்டாம். பாதுகாப்பு போர்டைத் தாண்டி நேரடியாகக் கம்பி இழுத்துக் கொடுக்கிறேன் என்று எந்தப் பெங்கல்காரர் (பட்டறைக்காரர்) சொன்னாலும் வண்டியைத் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் சார்ஜரில் மாட்டாதீர்கள். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. நிழலில், விசிறிக் காற்றில், ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். மோட்டாரின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதும் தவறு. அச்சு வழியாகக் கம்பி நுழையும் ஓட்டையில் தண்ணீர் இறங்கி, மோட்டாரின் சுழற்சியை உணரும் ஹால் சென்சாரைக் கெடுக்கும், பிறகு வண்டி புறப்படும்போது திக்கித் திக்கி உதறும். அதே இடத்தில் கம்பி நசுங்கியிருக்கிறதா என்று சக்கரம் கழற்றும்போதெல்லாம் பாருங்கள். அச்சு நட்டு தளர்ந்தால் அச்சே சுழன்று கம்பியை முறுக்கி அறுத்துவிடும். டார்க் ஆர்ம் என்ற சிறு தகடு அதைத் தடுக்கும்.

நண்பர்கள் சேர்ந்து ஒரே பிளக்கில் சார்ஜ் செய்யும் இடத்தில் ஓர் ஆபத்து உண்டு. 48, 52, 60 வோல்ட் சார்ஜர்களின் முனை ஒரே மாதிரி இருக்கும். 60 வோல்ட் வண்டியின் சார்ஜர் 67.2 வோல்ட் தரும். அதை 52 வோல்ட் பேட்டரியில் மாட்டி, பாதுகாப்பு போர்டும் வேலை செய்யவில்லை என்றால் ஒரு செல்லுக்கு 4.8 வோல்ட் ஏறும், எல்லை 4.2. அது தீ. சார்ஜரின் மேல் பெயிண்டால் வோல்ட்டைப் பெரிதாக எழுதுங்கள். சார்ஜ் செய்வது சிமெண்ட் தரையில், வீட்டுக்கு வெளியே, யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும். பழைய லயத்துப் பலகை வீட்டில், படுக்கிற அறையில், வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் ஒருபோதும் வேண்டாம்.

ஓட்டும் பயிற்சிக்கு 40 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் போதும். இரண்டு கூம்புகளை 25 மீட்டர் தள்ளி வைத்து எட்டு வடிவில் சுற்றுங்கள், 20 கி.மீ. வேகத்தில். முன்கால் கைப்பிடியை நோக்கி, பின்கால் குறுக்காக. வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்து, வெளியிலிருந்து உள்ளே நுழைந்து, கூம்பைத் தாண்டியபின் திராட்டலைத் திறக்க வேண்டும். சாய்ந்திருக்கும்போது திராட்டலைச் சட்டென்று திறந்தால், இரண்டு மோட்டார் வண்டியில் முன் சக்கரமும் சுழன்று பிடிமானத்தை விடும். முன் மோட்டாரின் வேகமெடுப்பைத் தனியாகக் குறைக்கும் அமைப்பு உங்கள் வண்டியில் இருந்தால் பாதியாக்குங்கள். கண் எப்போதும் அடுத்த கூம்பில். சக்கரத்துக்கு முன்னால் பார்ப்பவர் சக்கரத்துக்கு முன்னால்தான் விழுவார். இடப்பக்க வளைவும் வலப்பக்க வளைவும் சமமாகப் பழகும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். எல்லாருக்கும் ஒரு பக்கம் பலவீனம்.

உடுப்பில் பேரம் வேண்டாம். முழு முகத் தலைக்கவசம், மலேசியத் தர நிறுவனமான சிரிமின் முத்திரையோ ஐரோப்பியத் தரமான ஈ.சி.ஈ. 22.06 முத்திரையோ உள்ளது; ஸ்கூட்டரில் விழுபவருக்குத் தாடையில் அடிபடுவது சகஜம். முதுகுக் கவசம், முழங்கை முழங்கால் காப்பு, கணுக்காலை மூடும் பூட்ஸ், உள்ளங்கையில் தோல் வைத்த கையுறை. ஜீன்ஸ் தாரில் உரசினால் சட்டென்று கிழிந்துவிடும். தோல் உடுப்பு இரவல் கிடைத்தாலும் வாங்கிப் போடுங்கள். வெயிலுக்காகக் கவசத்தைக் குறைப்பதைவிட ஓட்டத்தின் நேரத்தைக் குறைப்பது மேல்: ஆறு நிமிடம் ஓட்டி இருபது நிமிடம் நிழலில் உட்காருங்கள். மணிக்கட்டில் கட்டும் மின்துண்டிப்புக் கயிறும் வேண்டும். நீங்கள் விழுந்தபின் வண்டி தானாக ஓடிப்போய் இன்னொருவரை இடிக்கக்கூடாது.

ஊரில் நீங்களே ஒரு நாள் நடத்த நினைத்தால் நேர ஓட்டமாக நடத்துங்கள். ஒருவர் பின் ஒருவராக, தலா மூன்று சுற்று, சிறந்த சுற்றே கணக்கு. பக்கம் பக்கமாக ஓடும் பந்தயம் பழகாதவர்களுக்கு ஆகாது. அதற்கு மலேசிய மோட்டார் விளையாட்டுச் சங்கத்தின் அனுமதி, கொடிக்காரர்கள், காப்புறுதி எல்லாம் தேவை, அவர்களிடம் முதலிலேயே எழுதிக் கேளுங்கள். நேர ஓட்டத்துக்கும் ஒவ்வொரு வளைவுக்கும் சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் நிற்க வேண்டும், ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில். வளைவின் வெளிப்பக்கம் பழைய கார் டயர்களை இரண்டு அடுக்காக, ஒன்றோடொன்று கட்டி வையுங்கள். கட்டாத டயர் உருண்டு போகும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸுக்கோ செம்பிறைச் சங்கத்துக்கோ முன்கூட்டியே கடிதம் கொடுங்கள், ஆம்புலன்ஸ் வராமல் முதல் வண்டியைத் தளத்தில் இறக்காதீர்கள். பேட்டரித் தீக்கென்று பெரிய தண்ணீர்த் தொட்டியும் நீண்ட ஹோஸும் தயாராக இருக்கட்டும். சிறு தீயணைப்புக் குப்பி மேல் நெருப்பை அடக்கும், செல் உள்ளே மீண்டும் பற்றும். அந்தப் புகை நச்சு, காற்றில் அது போகும் பக்கம் யாரும் நிற்கக்கூடாது. காலை எட்டு மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். பிற்பகல் மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நடத்த வேண்டியதில்லை. முதல் தூறலில் தளம் வழுக்கும், இந்த வண்டிகளின் கனெக்டர்களும் ஊற்றும் மழைக்குச் செய்யப்பட்டவை இல்லை.

தங்கை தாராளமாக ஓட்டலாம். ஈ-ஸ்கூட்டர் சாம்பியன்ஷிப்பில் ஆணும் பெண்ணும் ஒரே பந்தயத்தில்தான் ஓடினார்கள். எடை குறைவாக இருந்தால் அதே மோட்டாரில் புறப்பாடு வேகமாக இருக்கும், மோட்டாரும் பேட்டரியும் குறைவாகச் சூடேறும். ஆனால் உங்களுக்குச் சரிசெய்த வண்டியை அப்படியே கொடுக்காதீர்கள். டயரில் 3, 4 பி.எஸ்.ஐ. இறக்குங்கள், ஸ்பிரிங்கைத் தளர்த்துங்கள், கைப்பிடி உயரம் மாற்ற முடிந்தால் அவர் இடுப்பளவுக்கு இறக்குங்கள், பிரேக் லீவரை அவர் விரலுக்கு எட்டும்படி உள்ளே கொண்டுவாருங்கள். முதல் நாள் ஒற்றை மோட்டார் முறையில், வேகத்தை 25இல் பூட்டி, அந்த எட்டு வடிவத்தில் விடுங்கள். உங்கள் பெற்றோர் எழுத்தில் சம்மதம் தரவேண்டும், ஒருவர் தளத்தில் கூடவே இருக்கவும் வேண்டும்.